சீக்கியவியலில் இளங்கலை ஆய்வு ஃபெலோஷிப்: தலைப்பை விடுங்கள், தாளைத் தேடுங்கள்

கலிஃபோர்னியாவில் இளங்கலை படிக்கும்போதே, பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் சீக்கியவியல் ஆய்வு செய்ய எனக்கு ஃபெலோஷிப் கிடைத்தது. "நீ சீக்கியன் இல்லையே, எப்படிக் கொடுத்தார்கள்?" என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். விண்ணப்பத்தில் மதத்தைக் கேட்கவே இல்லை. என்ன ஆராயப் போகிறாய், எதை வைத்து ஆராயப் போகிறாய் என்று இரண்டு கேள்விகள்தான். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இரண்டாவதில்.

சீக்கியவியலுக்கு அமெரிக்காவில் தனி இருக்கைகள் உண்டு. கலிஃபோர்னியா பல்கலையின் சாண்டா பார்பரா, ரிவர்சைட் வளாகங்கள், மிச்சிகன், ஹாஃப்ஸ்ட்ரா என்று சில இடங்கள். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு நம்மவர்கள் பணம் திரட்டிய மாதிரி, இவற்றுக்கும் சீக்கியக் குடும்பங்கள்தான் கொடை கொடுத்தன. இந்தத் துறையில் ஆட்கள் குறைவு. அதனால் வழிகாட்டியை வரலாறு, சமூகவியல், மதவியல் துறைகளிலும் தேடுங்கள்.

'அமெரிக்க சீக்கியர்களின் அடையாளம்' மாதிரி தலைப்போடு பேராசிரியரைப் பார்க்கப் போனால், "எதைப் படித்துவிட்டு இதைச் சொல்லப் போகிறாய்?" என்று கேட்பார். அங்கேயே பேச்சு நின்றுவிடும். நான் கையில் எடுத்துப் போனது 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரே ஒரு தாள். மெக்சிகோ எல்லையோரம் உள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயக் குடும்பம். இனம் என்ற கட்டத்தில் சிங் என்ற கணவருக்கு 'ஹின்', அதாவது இந்து. மனைவிக்கு 'மெக்ஸ்'. அவர் சீக்கியர்தான், ஆனால் இந்தியாவிலிருந்து வந்த எல்லோரையும் அன்றைய கணக்கெடுப்பு 'இந்து' என்றே எழுதியது. 1917 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ஊரிலிருந்து பெண்ணை அழைத்துவர வழியில்லை. அதனால் அங்கிருந்த பஞ்சாபியர்களில் பலர் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள்.

சுவாரஸ்யம் அடுத்த கணக்கெடுப்பில்தான். மெக்சிகர் என்ற தனி இனப்பிரிவு 1930-ல் மட்டுமே இருந்தது. 1940-ல் பெரும்பாலும் அவர்களை வெள்ளையர் என்றே பதியச் சொன்னார்கள். அப்படியானால் அந்த அம்மா பத்தே வருடத்தில் காகிதத்தில் வெள்ளைக்காரி, அப்பா அதே 'இந்து'. பிள்ளைகளை எந்தப் பக்கம் எழுதினார்கள்? பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தது இந்தக் கேள்விக்குத்தான். கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்துப் பொதுப் பார்வைக்கு வரும். 1950 வரை இப்போது இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடும்போது 'சிங்' என்பதை எழுத்தர்கள் எழுதியிருக்கும் எல்லா விதத்திலும் தேடிப் பாருங்கள்.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பஞ்சாபி மொழியைச் சீக்கியர்கள் எழுதும் குர்முகி எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அடிப்படை எழுத்து 35தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது மட்டும் போதாது. சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 1913 நவம்பரில் வெளிவரத் தொடங்கிய, அங்கிருந்த இந்திய விடுதலைப் போராளிகளின் 'கதர்' (கிளர்ச்சி என்று பொருள்) பத்திரிகை முதலில் உருதுவில்தான் வந்தது, குர்முகிப் பதிப்பு அதற்குப் பிறகுதான். அந்தக் காலத்துப் பஞ்சாபியர் பலர் பள்ளியில் படித்ததும் உருதுதான். உருது வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஆய்வு தொடங்கும் முன்பே பிடித்து வையுங்கள்.

ஆட்களைப் பேட்டி எடுப்பதென்றால், பல்கலையின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். வாய்மொழி வரலாற்றை மத்திய அரசின் விதி இப்போது விலக்கி வைத்திருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனி நடைமுறை உண்டு. அனுமதிக்காகக் காத்திருந்தே கோடை விடுமுறை முழுக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். குருத்வாராவுக்கு முதல் நாளே ரெக்கார்டரோடு போகாதீர்கள். செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு போய் வணங்கிவிட்டு, லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் இடத்தில், தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவப் போய் நில்லுங்கள். பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த ஒரு பாபாஜி (பெரியவர்), "எந்த ஊர், புத்தர்?" என்று (பஞ்சாபியில் 'புத்தர்' என்றால் மகனே) தானாகவே பேச்சைத் தொடங்கினார். அவர் அப்பாவின் குத்தகைப் பத்திரம் ஒரு பிளாஸ்டிக் உறையில் வீட்டில் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

வழிகாட்டியைப் பார்ப்பதற்கு முந்தின நாளே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எந்த ஆவணம் பார்த்தேன், எந்த வரி புரியவில்லை, அவ்வளவு போதும். படித்த புத்தகங்களின் சுருக்கம் அவருக்குத் தேவையில்லை, அவர் அவற்றை ஏற்கெனவே படித்திருப்பார். கடைசியில் ஆய்வை மேடையில் வாசிக்கும்போது அந்தக் குடும்பங்களில் சிலர் முன்வரிசையில் இருக்கலாம். "எங்கள் தாத்தாவைப் பற்றி இதை எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேட்பார்கள். தாளின் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் பதில் சொல்லலாம்.

பணத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கல்லூரி நிதியுதவி வாங்குபவர்களுக்கு ஃபெலோஷிப் தொகை வந்தால், சில இடங்களில் பழைய உதவியைக் குறைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.