கரையான் அரித்த பிளானும் முப்பது நாள் கணக்கும்

எங்கள் வீட்டுக் கட்டடத்தைப் பற்றிய நோட்டீஸைக் கொண்டுவந்தபோது அம்மா வாங்கவில்லை. "மக வரட்டும், அவளைக் கேட்காம கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வந்த ஊழியர் ஒன்றும் வாதாடவில்லை. கேட்டில் ஒட்டி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் ஆபீஸ் விட்டு வருவதற்குள் தெருவே அதைப் படித்து முடித்திருந்தது.

தென்மாவட்டத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். வீடு அம்மா பெயரில். கீழ்த்தளம் 1996-ல் கட்டியது, மாடி 2012-ல். இரண்டுக்குமே அப்பா பிளான் அப்ரூவல் வாங்கியிருந்தார். பிளானில் இருந்தபடிதான் கட்டினாரா என்றால், இல்லை. மாடிச் சமையலறை சின்னதாகத் தெரிந்ததால், பக்கவாட்டுக் காலியிடத்துக்கு மேலே இரண்டரை அடி ஸ்லாபை நீட்டி, சுவர் வைத்து உள்ளே சேர்த்துக்கொண்டார். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு ஒரு அறை வேறு. மாடியிலிருந்து வடிந்த தண்ணீரில் பக்கத்து வீட்டுச் சுவர் ஊறிப்போனதில் ஆரம்பித்த சண்டை, 2025 தொடக்கத்தில் புகாராக மாறியது. அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுத ஆசைதான்.

நோட்டீஸில் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவுகள் 56, 57 என்று போட்டிருந்தது. முதல் தளம் முழுவதுமே அனுமதி இல்லாத கட்டுமானம், முப்பது நாளில் சரிசெய்யாவிட்டால் பூட்டி சீல் வைக்கப்படும் என்று வாசகம். இரண்டரை அடியை நினைத்துப் பயந்துகொண்டிருந்த எங்களுக்கு மாடியே போகிறது என்று சேதி.

மாமா உடனே ஒரு ஆளைக் கூட்டிவந்தார். பிளான் போட்டுத் தருபவராம். "ரெகுலரைஸ் பண்ணிடலாம்மா, எண்பதாயிரம் ஆகும்" என்றார். அவரை நம்பி எட்டு நாள் வீணானது.

இலவசச் சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னது கூட வேலை பார்க்கும் தோழி. அம்மாவுக்குத் தயக்கம். "அது இல்லாதவங்களுக்கு, நாம போய் நிக்கலாமா?" என்றார். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நாங்கள் நேரே கோர்ட் வளாகத்துக்குப் போனோம். வீடு அம்மா பெயரில் இருந்ததால் மனுவும் அவர் பெயரில். அவருக்கு ஒரு பெண் வக்கீலை நியமித்தார்கள்.

அவர் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "நோட்டீஸ் எந்தத் தேதி கைக்கு வந்தது?" என்றார். வாங்கவே இல்லையே என்று அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "கேட்டில் ஒட்டிய அன்றே வந்ததாக வைத்துத்தான் நான் எண்ணுவேன் அம்மா" என்று காலண்டரை எடுத்தார். அதே சட்டத்தில் 80-ஏ பிரிவின்படி அரசுக்கு மேல்முறையீடு செய்ய முப்பது நாள். எங்களுக்கு மிச்சம் இருந்தது பத்தொன்பது.

எண்பதாயிரம் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். விதிமீறிக் கட்டியதை வரன்முறைப்படுத்தும், அதாவது ரெகுலரைஸ் செய்யும் 113-சி பிரிவு 1.7.2007-க்கு முன்னால் கட்டிய கட்டடங்களுக்குத்தானாம். எங்கள் மாடி 2012. பணத்தைக் கொடுத்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். கட்டிப் பதிமூன்று வருடம் ஆகிவிட்டதே என்று கேட்டேன். வருடக்கணக்கில் நின்றுவிட்டது என்பதற்காக விதிமீறல் சரியாகிவிடாது என்று 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றார். அதற்கு முந்தைய மாதம் அதே நீதிமன்றம், நோட்டீஸ் கொடுத்துப் பதினைந்து நாளாவது அவகாசம் தராமல் இடிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. "இரண்டையும் சேர்த்துப் படிங்க. நமக்கு நேரம் கிடைக்கும், மன்னிப்புக் கிடைக்காது."

அவருக்கு வேண்டியிருந்தது 2012 பிளான். பீரோவில் இருந்த நகலைப் பிரித்தால் பாதி கரையான். நகரமைப்புப் பிரிவில் கேட்டால் 1996 ஃபைல் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். அப்போதுதான் விஷயம் விளங்கியது: பழைய பிளானை வைத்துப் பார்த்தால் மாடி முழுவதுமே அனுமதியில்லாததுதானே! பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். ஆனால் அதற்குப் பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் உண்டு, எங்கள் கெடுவோ அதற்கு முன்பே முடிகிறது. இரண்டு நாள் தூக்கம் இல்லை. மாடி கட்ட வீட்டுக் கடன் வாங்கினோமே என்று ஞாபகப்படுத்தியது அம்மாதான். பேங்க் ஃபைலில் சீல் போட்ட பிளான் நகல் சுத்தமாக இருந்தது, அனுமதி எண், தேதி எல்லாவற்றோடும். கடன் இன்னும் அடைந்து முடியவில்லை என்பதற்காக முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து அளந்து, பிளானுக்கும் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவப்பு மையில் வரைந்து வாங்கினோம். தப்பை நாமே வரைந்து கொடுப்பதா என்று மாமாவுக்கு ஆத்திரம். வக்கீல் அசையவில்லை. இருபத்தாறாவது நாள் சென்னைத் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டைக்கு, வீட்டுவசதித் துறைக்கு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் மேல்முறையீடு போனது. தடை கேட்டுத் தனி மனு ஒன்றும் கூடவே. மேல்முறையீடு போட்டாலே சீல் வேலை நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். நிற்கவில்லை. தடை மனுவுக்குப் பதில் வருவதற்குள் பூட்டும் சங்கிலியுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மா ஒப்புகை அட்டையைக் காட்டி, மாடியில் குடியிருக்கிற குடும்பத்தில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு நாளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. மேல்முறையீட்டை விரைவில் முடிக்க வேண்டும், அதுவரை இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்று உத்தரவு கிடைத்தது.

சென்னை விசாரணை பத்து நிமிடம்கூட இல்லை. இரண்டு பிளானையும் சிவப்பு மை வரைபடத்தையும் வைத்தோம். முதல் தளத்துக்கு அனுமதி இருப்பது ஏற்கப்பட்டது. நீட்டிய பகுதியையும் தகர அறையையும் நாங்களே எடுத்துவிட்டு, போட்டோவுடன் தெரிவிக்க வேண்டும் என்று ஆணை.

இடிக்க நாலு நாள், கூலியோடு சேர்த்து அறுபத்தைந்தாயிரம். அந்த எண்பதாயிரத்தைவிடக் குறைவு என்று மாமா கணக்குச் சொன்னார், நான் ஒன்றும் பேசவில்லை. மாடி வீட்டுக்காரர்களுக்கு வாடகையில் ஐந்நூறு குறைத்திருக்கிறோம். சமையலறையில் இடம் போதாமல் அவர்கள் ஃபிரிட்ஜ் இப்போது ஹாலில் நிற்கிறது.