வேலிப் பொட்டும் 20 அடிப் பாதையும்

யாழ்ப்பாணத்தில் காணி அளக்கிறவனுக்கு ஊர் மாறப்போவது மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். வீடு எழும்ப முன்னம் எல்லைக்கல் நடுவது நாங்கள்தான். காங்கேசன்துறை வீதிக்கும் பலாலி வீதிக்கும் இடைப்பட்ட கோண்டாவில், இணுவில் செம்மண் தோட்டங்களிலேயே என் வேலை பெரும்பாலும். வெங்காயமும் வாழையும் நின்ற தறைகள் இரண்டு பரப்பு, மூன்று பரப்பு (பரப்பு என்பது எங்கள் ஊர்க் காணி அளவு) துண்டுகளாக உடைபடுகின்றன. காணி பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் தண்ணீர் நல்லதோ என்றுதான் முதலில் கேட்பார்கள். இப்போது, "கார் உள்ளுக்குப் போகுமோ, திருப்பலாமோ?" என்று கேட்கிறார்கள்.

கேட்பதில் பிழையில்லை. இரவில் ஒருவருக்கு வருத்தம் என்றால் அம்புலன்ஸ் படலை வரைக்கும் வரத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்காகவே கீறப்படும் காணிப் படங்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்குதில்லை. பிரதான வீதியில் இருந்து 20 அடிப் பாதை ஒன்று உள்ளே போகும், இரண்டு பக்கமும் துண்டுகள், முடிவில் மதில். பின்காணிக்குப் போக வழியில்லை.

பழைய காணி உறுதிகள் இப்படி இல்லை. கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் அவற்றில் தவறாமல் எழுதப்பட்டிருக்கும். நாலு குடும்பத்துக்கு ஒரு கிணறு என்றால் நாலு வளவில் இருந்தும் அதற்கு நடைவழி இருந்தது. உறுதியில் ஏறாத வழிகளும் இருந்தன. கிழுவை வேலியில் ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு பொட்டு. பிடித்துப் பிடித்து அந்த இடத்துக் கதியால் (வேலியில் நட்ட தடி) பட்டை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும், நிலத்தில் புல் முளைக்காது. சீனி கடன் வாங்கவும், செத்தவீட்டுக்கு ஓடவும், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப்போகவும் அதுதான் பாதை.

இணுவில் பக்கம் ஒரு காணியில் அப்படி ஒரு பொட்டு இருந்தது. உரிமையாளர் கனடாவில். தொலைபேசியில், "சேவையர் ஐயா, நேர்க்கோடாய் எல்லையைப் போடுங்கோ, மதில் கட்டவேணும்" என்றார். சட்டப்படி அவர் கேட்டது சரி. நூல் கட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்து வளவு அம்மா வந்து, "தம்பி, உதாலதானே நாங்கள் கோயிலுக்குப் போறனாங்கள். இனி றோட்டால சுத்தியோ?" என்று கேட்டார். உள்ளால் 2 நிமிட நடை. இனி ஒழுங்கையால் சுற்றி, பிரதான வீதியில் ஏறி, பஸ்ஸும் டிப்பரும் போகிற கரையால் நடந்துதான் அவர் கோயிலுக்குப் போகவேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். முன்பு வளவுக்குள்ளாலும் தோட்ட வரம்பாலும் நடந்த சனத்தை நாங்கள் ஒவ்வொரு படமாகக் கீறிப் பிரதான வீதிக்குத் தள்ளிவிட்டிருக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளையும் அங்கேதான், பாலுக்குப் போகிற கிழவரும் அங்கேதான். பிறகு விபத்து நடந்தால் சாரதியை மட்டும் ஏசுகிறோம்.

மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வாகனம், சாரதி சுதாரிக்கும் அந்த ஒரு விநாடியில் 27 அடி ஓடிவிடும். 50 இல் வந்தால் ஏறக்குறைய 45 அடி. பிரேக் பிடிப்பது அதற்குப் பிறகுதான். மோதும் சக்தியும் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒழுங்கை முடக்கில் 6 அடி மதில் நின்றால் முடக்குக்கு அப்பால் எதுவும் தெரியாது. கிடுகு வேலியும் மறைத்ததுதான், ஆனால் அப்போது முடக்கால் வந்தது சைக்கிள். ரயில் பாதையோரம் இன்னும் கவலை. 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய இடைவெளியில் ஒரு தலைமுறையே அந்தத் தடத்தை நடைபாதையாகப் பாவித்து வளர்ந்தது.

1969 இல் டொனால்ட் அப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வாகனம் போன தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 போன தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை. எங்கள் ஊரில் எண்ணிப் பார்த்தவர்களை நான் அறியேன். ஆனால் எல்லை காட்ட அயலவரைக் கூப்பிடுங்கோ என்றால், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் முழிப்பவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். 2022 இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் அதே ஒழுங்கைகளில் பின்னேரம் பெடியள் கிரிக்கெட் விளையாடினார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டுச் சனம் கதைத்துக்கொண்டு நின்றது.

2025 பெப்ரவரியில் இருந்து தனியார் வாகன இறக்குமதி மீண்டும் நடக்கிறது. படங்களும் வேகமாக வருகின்றன. இப்போது நான் காணிக்காரரிடம் ஒரு கணக்கை வைக்கிறேன். பாதையின் முடிவில் மதிலுக்குப் பதிலாகப் பின் ஒழுங்கை வரை 4 அடி அகலத்தில், 100 அடி நீளத்துக்கு ஒரு நடைவழி விட்டால் போவது 400 சதுர அடி, ஒன்றரைப் பேர்ச்சுக்கும் குறைவு. சிலர் சம்மதிக்கிறார்கள். பலர், "கள்ளர் வருவாங்கள்" என்கிறார்கள். பிரதேச சபை படத்துக்கு அனுமதி கொடுக்க முன்னம் பாதையின் அகலத்தைக் கேட்கிறது. கடைசித் துண்டில் இருக்கிற பிள்ளை பிரதான வீதியில் ஏறாமல் பள்ளிக்கூடம் போக வழி உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டால், அந்த 4 அடியை நான் கெஞ்சி வாங்கத் தேவையில்லை.