சேற்றில் இருப்பது எந்த மழை

ஏப்ரல் 9

பழைய மழையைத் தேடிப் பழனி மலையில் தூர்ந்துபோன ஒரு சிற்றேரியிலிருந்து எடுத்த சேற்றுக்கு, அதிலுள்ள கரிமத்தை வைத்து வயது சொல்லும் காலக்கணிப்பு முடிவுகள் இன்றும் வரவில்லை.

ஏப்ரல் 11

அடுக்கு கலையாமல் குழாயால் துளைத்தெடுத்த வண்டல் உருளையை மறுபடியும் மேசையில் கிடத்தி, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்துப் பார்த்தேன். மேற்பகுதி முழுக்கப் புல்வேர் பின்னிய கறுப்பு. அதற்குக் கீழே கரும்பழுப்பு. நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு அந்த வெளிறிய மணல் பட்டை. மேலும் கீழும் உள்ள சேறு விரலிடுக்கில் வெண்ணெயாக வழுக்குகிறது, பட்டையிலிருந்து கத்தி முனையால் எடுத்தது மட்டும் நறநறக்கிறது. பெருமழை மலைச்சரிவை அரித்து மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம். மழை பொய்த்து ஏரி சுருங்கியதால் கரையோர மணல் நடுப்பகுதி வரை வந்திருக்கலாம். யாரோ சோலைக்கு, அதாவது மலைப் பள்ளத்தாக்குக் காட்டுக்கு, தீ வைத்ததால், வழக்கமான மழையே வெற்று மண்ணை அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். ஒரே மணல், மூன்று கதைகள்; அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

ஏப்ரல் 14

புத்தாண்டு விடுமுறை. குளிர் அறையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். 4 டிகிரியில் நிற்கிறது.

ஏப்ரல் 17

கொடைக்கானல் ஏரியிலேயே மண் எடுத்திருக்கலாமே என்று இன்றும் ஒருவர் கேட்டார். அது 1863இல் பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கிய ஏரி. ஊட்டி ஏரியும் கோவை ஆட்சியர் சலிவன் காலத்தில் வெட்டப்பட்டதுதான். பழைய மழையைத் தேடுகிறவர்கள் மனிதர் கட்டாத பள்ளங்களுக்கு, அதாவது தூர்ந்துபோன சிற்றேரிகளுக்கும் சதுப்புகளுக்கும்தான் போயாக வேண்டும்.

மாலை முழுவதும் நுண்ணோக்கியில் கழிந்தது. மேல் அடுக்குகளில் தைல மரத்தின் மகரந்தம் முக்கோண வடிவில் நிறையத் தெரிகிறது. சோலையில் உள்ள நாவல் இனத்தின் மகரந்தமும் முக்கோணம்தான், ஆனால் அளவில் சிறியது. ஆகவே ஒவ்வொன்றையும் அளந்த பிறகே எண்ண வேண்டியிருக்கிறது. தைல மரம் இந்த மலைகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தது என்பதால், அதன் மகரந்தம் நின்றுபோகும் ஆழம் எனக்கு ஒரு காலக்கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள மாற்றங்களை மழையின் கணக்கில் எழுதத் துணிய மாட்டேன். அவை கோடாரியின் கணக்காகவும் இருக்கலாம். மணல் பட்டை அந்தக் கோட்டுக்கு வெகு கீழே கிடக்கிறது. இன்று அது ஒன்றுதான் ஆறுதல்.

ஏப்ரல் 22

மதியம் மின்தடை. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை குளிர் அறைக் கதவை யாரையும் திறக்க விடவில்லை.

ஏப்ரல் 25

இரவு உறக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீலகிரிச் சதுப்பு மண்ணின் கரிம ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட கரிம அணுக்களை, வைத்துச் சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவுகளை எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை. சோலை மரங்கள் ஒருவகை ஒளிச்சேர்க்கையையும், வறட்சியைத் தாங்கும் புற்கள் பல வேறொரு வகையையும் கொண்டவை. கனமான கரிமத்தின் பங்கைக் காட்டும் மதிப்பு முதல் வகைக்கு ஆயிரத்துக்கு மைனஸ் 27 அளவிலும், இரண்டாவது வகைக்கு மைனஸ் 13 அளவிலும் இருப்பதால், மட்கிப் பெயர் தெரியாமல் போன சேறுகூடத் தன் மேல் நின்றது சோலையா புல்வெளியா என்பதைச் சொல்லிவிடுகிறது. பனியுகத்தின் உச்சத்தில் அங்கே வறட்சி, அது முடிந்தபின் நல்ல ஈரம், பின்னர் மீண்டும் வறட்சி.

ஆனால் புல் பெருகியதற்கு மழைக்குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பனியுகக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது, அந்தக் குறைவே அத்தகைய புற்களுக்குச் சாதகமானது. பள்ளத்தாக்கில் உறைபனி விழுந்தால், எவ்வளவு மழை பெய்திருந்தாலும் சோலைக் கன்றுகள் கருகிவிடும். இவை எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகும் என் கேள்வி அப்படியே நிற்கிறது: எந்த மழை? நீலகிரியின் மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி வாழ்கிறது; பழனி மலைக்கோ ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. ஒன்று வலுத்த நூற்றாண்டில் மற்றொன்று மெலிந்திருந்தால், அங்கே ஈரம் என்று பதிவான காலம் இங்கே வறட்சியாகப் பதிவாகியிருக்கும், இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

ஏப்ரல் 26

மணல் பட்டைக்கு 4,200 ஆண்டு என்று முடிவு வந்தால் எல்லோரும் மகிழ்வார்கள். மேகாலயக் குகைச் சுண்ணாம்புப் படிவத்தில் தெரியும் ஒரு வறட்சியை வைத்து 2018இல் அந்தக் காலத்திலிருந்து ஒரு புதிய நிலவியல் காலப் பிரிவே அறிவிக்கப்பட்டுவிட்டது. அது முதல் அந்த ஆண்டை ஒட்டி எங்கே ஒரு கோடு தெரிந்தாலும் அதை அந்த வறட்சியோடு முடிச்சுப் போட்டுவிடத் தோன்றுகிறது. காலக்கணிப்பின் பிழை வரம்பு இரு பக்கமும் ஒரு நூற்றாண்டுக்கு விரிந்தால், விரும்பியதை அதற்குள் வைத்துவிட முடியும். எனக்கு அது வேண்டாம். என் சேறு தன் வயதைத் தானே சொல்லட்டும்.

மே 3

தாது வருடப் பஞ்சம் நினைவை விட்டு அகலவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனை முறையாகக் கவனிக்க வேண்டும் என்று பஞ்ச விசாரணைக் குழு பரிந்துரைத்ததன் தொடர்ச்சியாகத்தான் 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்தது. அதே மலைத்தொடரில் எடுத்த என் உருளையில் அந்தப் பஞ்சம் தெரியவில்லை. ஒரு சென்டிமீட்டர் சேறு படியப் பல பத்தாண்டுகள் ஆகும் இடத்தில், மழை பொய்த்த இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின் நல்ல ஆண்டுகளோடு கலந்து கரைந்துவிடுகின்றன. அப்படியானால் இரண்டு விரல் கனத்துக்குத் தெரியும் அந்தப் பட்டையின் காலத்தில் இந்தச் சரிவில் என்னதான் நடந்தது? அது எத்தனை தலைமுறைக்கு நீடித்தது?

ஒரே மழையின் வேலையாகவும் இருக்கலாம். ஒரே இரவாகக்கூட இருக்கலாம்.

மே 8

வரவில்லை. பட்டைக்குக் கீழிருந்து அனுப்பிய இலைத்துணுக்கை நம்பியிருக்கிறேன். வெறும் சேற்றின் வயதை நம்ப முடியாது. மேலிருந்து இறங்கும் வேர்கள் புதிய கரிமத்தைக் கீழே கொண்டுபோய் அதன் வயதைக் குறைத்துக் காட்டிவிடும். சுண்ணாம்புக்கல் அல்லாத, சார்னகைட் என்ற கடும்பாறை மலை என்பதால், சுண்ணாம்பு கரைந்து அதன் பழைய கரிமம் வயதைக் கூட்டிவிடுமோ என்ற பயமாவது இங்கே இல்லை.

மே 10

மேல் மாதிரிகளின் வயது வந்துவிட்டது; வரிசை பிறழாமல் இருக்கின்றன. இலைத்துணுக்கில் கரிமம் போதவில்லையாம்.

மே 12

பத்திரப்படுத்தியிருந்த மற்றொரு பாதி உருளையிலிருந்து, பட்டைக்குச் சரியாகக் கீழே உள்ள சேற்றை எடுத்து நுண்சல்லடையில் அலசத் தொடங்கினேன். வேர், வேர், மீண்டும் வேர். நான்கு மணிக்கு மேல் பளபளப்பாக மூன்று பக்கம் கொண்ட ஒரு விதை அகப்பட்டது. கோரை இனம்போலத் தெரிகிறது. கோரை காற்றிலிருந்து கரிமத்தை எடுப்பது, ஆகவே வயது பார்க்க ஏற்றது. எடை போதுமா என்று நாளை காலை நுண்தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.