படிவம் 3-இல் கையெழுத்துப் போடவிருந்தேன்

தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் எனக்கு ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. அதனால்தான் 2008 அக்டோபரில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கைத் தொடங்கி, கையில் மிஞ்சியதை ஆண்டுதோறும் அதில் போட்டு வந்தேன். தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 ஆண்டுகள் என்ற கணக்கில் அது 2024 மார்ச் 31 அன்று முதிர்ந்தது. தொடர்ந்து பணம் போட வேண்டுமானால், முதிர்ந்த ஓராண்டுக்குள் ஐந்தாண்டு நீட்டிப்புக்கான விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டு, 2025 மார்ச் கடைசி வாரத்தில்தான் கிளைக்குப் போனேன்; அது என் தவறுதான்.

கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு, "கணக்கு முடிஞ்சுபோச்சுண்ணே, எடுத்து டெபாசிட்ல போட்ருங்க, 7 சதவீதம் வட்டி கிடைக்கும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். பேனாவைத் திறந்த பிறகுதான் தலைப்பைப் படித்தேன். அது கணக்கை முடித்துக்கொள்வதற்கான படிவம் 3. நீட்டிப்புக்கு உரியது படிவம் 4. அதைக் கேட்டபோது, அப்படி ஒரு படிவம் தங்களிடம் இல்லை என்றும் ராமநாதபுரத்தில் விசாரிக்குமாறும் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டிருந்தால் 16 ஆண்டுச் சேமிப்பு அன்றே கைமாறியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

மறுநாள் ராமநாதபுரம் போனேன். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்து நின்றுவிட்டதால் பேருந்துதான். அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்த பின், கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 30ஆம் தேதி ஞாயிறு. 31 அன்று ரம்ஜான் வரக்கூடும். கெடு கண்ணெதிரே நின்றது.

அன்று மாலையே கணினி மையத்தில் படிவம் 4-ஐயும், 2019ஆம் ஆண்டுப் பொது வருங்கால வைப்பு நிதித் திட்ட விதிகளில் நீட்டிப்பைப் பற்றிச் சொல்லும் பத்தியையும் அச்செடுத்துக்கொண்டு, மறுநாள் காலை நேராக மேலாளரிடம் போனேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, அந்த ஊழியரையே அழைத்துப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் நான் நகரவில்லை. இது வீண்பிடிவாதம் அன்று. நீட்டிப்பு பதிவாகாத கணக்கில் போடும் பணத்துக்கு வட்டியே கிடையாது, பின்னாளில் விண்ணப்பம் வரவில்லை என்று சொல்லிவிட்டால் நம்மிடம் வேறு சான்று இருக்காது. அன்றே அந்த ஆண்டுக்கான 1.5 லட்சத்தையும் கட்டினேன்.

வங்கி வைப்பில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். வருங்கால வைப்பு நிதியில் 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதம், அந்த வட்டிக்கு வரி இல்லை. வங்கி சொன்ன 7 சதவீதத்தில், 20 சதவீத வரி அடுக்கில் இருக்கும் எனக்கு, மேல்வரியும் போக நிற்பது ஏறத்தாழ 5.5தான். மூடிவிட்டுப் புதுக் கணக்குத் தொடங்கினாலோ மறுபடியும் 15 ஆண்டுகள். ஆனால் எல்லாப் பணத்தையும் இதில் முடக்கவும் கூடாது. பணம் போட்டு நீட்டித்த கணக்கிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் எடுக்கலாம். அதுவும் அந்த ஐந்தாண்டில் மொத்தமாக, நீட்டிப்புத் தொடங்கியபோது இருந்த தொகையில் 60 சதவீதம் வரைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்குச் சரக்கு வராது. அந்த நாட்களின் வீட்டுச் செலவும் ஆட்களின் கூலியும் வங்கியின் குறுகியகால வைப்பில்தான் இருக்கின்றன. அங்கே வட்டி குறைவு என்று நான் வருந்துவதில்லை.

புதிய நிதியாண்டுப் பணத்தை ஏப்ரல் 4ஆம் தேதியே கட்டிவிட்டேன். மாதத்தின் 5ஆம் தேதியைத் தாண்டினால் அந்த மாத வட்டி போய்விடும். பாஸ்புக்கில் முதிர்வு நாள் 31.03.2029 என்று அச்சாகி வந்திருக்கிறது. முத்திரையிட்ட நகலை அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.