502இல் இறங்கி ரயிலேறக் கற்றுக்கொண்டது

நான் 1988ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் நெல்லியடியில் பிறந்தேன். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோனபோது எனக்கு இரண்டு வயது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகிப் போயிருந்த காலத்தில் வளர்ந்ததால், அம்மா 'கோச்சி' என்று சொல்லும்போது மனதில் கொண்டுவர என்னிடம் எந்தக் காட்சியும் இருக்கவில்லை. எங்களுடைய போக்குவரத்து என்பது யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடும் 750ஆம் இலக்க பஸ்தான். 2013 ஜனவரியில் கனடாவின் பிரம்டன் நகருக்கு வந்து சேர்ந்தவனுக்கு அங்குள்ள பஸ் நிலையமும் அதனோடு ஒட்டிய ரயில் நிலையமும் ஏன் அவ்வளவு பெரிய விடயமாக இருந்தன என்பது இதைச் சொன்னால்தான் விளங்கும்.

மெயின் வீதியிலிருந்து நெல்சன் வீதிக்குத் திரும்பியதும் நகர மையப் பஸ் நிலையம் வந்துவிடும். அதை ஒட்டியே, கிராண்ட் ட்ரங்க் ரயில்வே 1907இல் கட்டிய பழைய ரயில் நிலையம் இருக்கிறது. குவீன் வீதியில் ஓடும் 501, மெயின் வீதியில் ஓடும் 502 ஆகிய சூம் விரைவு பஸ்களும் உள்ளூர் பஸ்களும் ஒரு பக்கம் வந்து நிற்க, மறுபக்கம் கிச்சனர் தடத்தின் பச்சை வெள்ளை நிற 'கோ' (GO) புறநகர் ரயில்கள் ரொறன்ரோவின் யூனியன் நிலையத்துக்குப் புறப்படும். கடுங்குளிர்க் காலை ஒன்றில், சூடேற்றிய காத்திருப்பு அறைக்குள் நின்றபடி பஸ் வருவதைக் கண்ணாடி வழியே பார்க்க முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பதை, யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு உடனே உணர்ந்துகொண்டது.

நான் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். வேலை ரொறன்ரோ நகர மையத்தில். அந்நாட்களில் ரயில்கள் காலையில் ரொறன்ரோவை நோக்கியும் மாலையில் அங்கிருந்து திரும்பியும் மட்டுமே ஓடின. ரொறன்ரோ பக்கமுள்ள அடுத்த நிலையமான பிரமலியாவுக்கு மேற்கே தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமானது என்பதும், சரக்கு வண்டிகள் நிறைந்த அந்தப் பாதையில் பயணிகள் ரயில்களைக் கூட்டுவது எளிதல்ல என்பதும் பிறகுதான் தெரியவந்தன. ஆகவே காலையில் ஒரு 502ஐத் தவறவிட்டால் ரயிலும் போய்விடும். அடுத்த ரயிலுக்கோ கோ பஸ்ஸுக்கோ காத்திருந்து வேலைக்குப் பிந்திப் போக வேண்டியதுதான். ஊரில் பஸ் வரும்போது ஏறிப் பழகிய எனக்கு, இரண்டு கால அட்டவணைகளைப் பொருத்தி, நடக்கும் நிமிடங்களையும் பனி பெய்தால் கூடும் நிமிடங்களையும் சேர்த்துக் கணக்கிடுவது புதிய பாடமாக இருந்தது.

பயணக் கட்டணம் செலுத்தும் பிரெஸ்டோ அட்டை அடுத்த பாடம். பஸ்ஸில் ஏறும்போது ஒருமுறை தட்டினால் போதும். கோ ரயிலிலோ ஏறுமுன் தட்டுவதோடு இறங்கிய பின்னும் தட்ட வேண்டும். முதல் வாரத்தில் நான் யூனியனில் சனத்தோடு சனமாக வெளியேறிவிட்டேன். மறுநாள் அட்டையில் குறைந்திருந்த தொகையைக் கண்டு திகைத்து நின்ற என்னிடம், மேடையில் நின்ற ஊர் அண்ணை ஒருவர், "தம்பி, இறங்கினவுடன தட்டாட்டி கூடின காசைக் கணக்குப் பண்ணி வெட்டும். தட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை" என்று சொல்லித் தந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

அப்போது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தனித்தனியே காசு போகும். ரயில் பயணிக்கு பஸ் கட்டணத்தில் கழிவு மட்டுமே கிடைக்கும். 2022 மார்ச்சில் கோ ரயிலோடு இணைக்கும் பிரம்டன் பஸ் பயணம் இலவசமானது. 2024 பெப்ரவரி 26 முதல் ரொறன்ரோவின் நகரப் போக்குவரத்துச் சேவையான ரிரிசியும் (TTC) அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. குறைந்த சம்பளத்தில் தொடங்கும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. முன்பே வந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

கோ பெட்டிகளின் மேல்தட்டு, வேலை நாட்களின் நெரிசல் வேளையில் அமைதி வலயம். ஜன்னல் காட்சிக்காக மேலே இருக்க விரும்பினாலும் நான் கீழ்த்தட்டிலேயே இருந்தேன். குளிர்காலத்தில் இங்கே காலை ஏழு மணி என்றால் ஊரில் மாலை ஐந்தரை. அம்மாவோடு பேசக் கிடைத்த நேரம் அதுதான். மோல்ரன், வெஸ்டன், புளோர் என்று நிலையங்களின் பெயரை அறிவிக்கும் குரல் அம்மாவுக்கும் கேட்கும். இறங்கும் இடம் நெருங்குவதை அறிந்து அவரே பேச்சை முடிப்பார்.

2014 அக்டோபரில் கொழும்பு ரயிலான யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்த செய்தியையும் அந்தக் கீழ்த்தட்டில் இருந்தபடி அம்மாவின் வாயால்தான் கேட்டேன்.

2018 கோடையில் அம்மா என்னிடம் வந்தார். முதல் சனிக்கிழமையே அவரைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிச் சென்று, 502 எந்த இடத்தில் நிற்கும், எந்தக் கதவால் போனால் ரயில் மேடை வரும் என்று காட்டினேன். இளமையில் யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்வந்தவருக்கு மேடையில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டு, என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மூன்றாம் வாரம் அவர் தனியாகவே கேஜ் பூங்காவுக்குப் போய்வந்தார். அன்று மாலை ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது, "எங்கட 750 மாதிரி இங்க 502" என்று சித்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.