மேட்டூர் தண்ணீருக்கு முன் லடாக்: டெல்டாவிலிருந்து வேனில் தங்கிப் போகத் திட்டமிட்ட விதம்

டெல்டாவில் விவசாயக் குடும்பத்தின் கோடை விடுமுறையைப் பள்ளிக்கூடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கும் வருஷமென்றால், குறுவை நாற்றங்கால் வேலைக்கு ஊரில் ஆள் இருந்தாக வேண்டும். லடாக் பக்கமோ கணக்கு தலைகீழ். லடாக்கின் முக்கிய ஊரான லேக்குப் போகும் மணாலி–லே சாலையில் பனியை வெட்டி முடிக்கவே பல வருஷம் மே ஆகிவிடும், சில வருஷம் ஜூனும் பிறந்துவிடும். ஸ்ரீநகர்–லே சாலை பொதுவாக அதற்கு முன்பே திறக்கும். அதனால் ஏறுவது ஸ்ரீநகர் வழி, இறங்குவது மணாலி வழி, மணாலி சாலை திறக்காவிட்டால் போன வழியே திரும்புவது என்று முதலிலேயே எழுதி வைத்தோம்.

பாதையை இப்படி வைத்ததற்குத் தேதியைவிடப் பெரிய காரணம் உயரம். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர்கூட இல்லை, லே 3,500 மீட்டர். ஸ்ரீநகர் வழியில் இரவுத் தங்கல் ஸ்ரீநகர் 1,600, கார்கில் 2,700, லே 3,500 என்று படிப்படியாக ஏறும். வழியில் உள்ள கணவாய்கள் (லா என்றால் கணவாய்) சோஜி லா 3,528 மீட்டர், ஃபோட்டு லா 4,108 மீட்டர் என்றாலும், அவற்றைப் பகலில் கடந்து கீழே வந்துதான் தூங்குகிறோம். மணாலி வழியில் ஏறினால் 2,050 மீட்டரிலிருந்து ஜிஸ்பாவில் 3,200, அடுத்த இரவே சார்ச்சுவில் 4,290. நம் சமவெளி உடம்புக்கு அது ஆகாது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. கார்கில்–லே அதைவிடப் பெரிய தாவல்தான், ஆகவே கார்கிலில் இரண்டு இரவும் லேயில் இரண்டு முழுநாள் ஓய்வும் போட்டோம். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போய் நடை தள்ளாடினால் ஓய்வு, ஆக்சிஜன் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே கீழே இறங்க வேண்டும்.

வண்டி சொந்த வேன். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இடம் தராது. இருக்கையைக் கழற்றிக் கட்டிலை வெல்டிங் அடித்தால் இருக்கை எண்ணிக்கையே மாறிவிடும். அதனால் இருக்கைகளை அப்படியே விட்டு, தங்கும் இடத்தில் மட்டும் மேலே போடுகிற மாதிரி ப்ளைவுட் பலகை செய்துகொண்டோம். சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு ரைஸ் மில் பக்கத்து எடைமேடையில் நிறுத்தி, சான்றில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அதைப் பின்சக்கரத்துக்கும் பின்னால் வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். நாங்கள் 20 லிட்டர் கேன்களாகப் பிரித்து நடுவில் கட்டினோம்.

மின்சாரத்தில் ஆசைப்படக் கூடாது. 12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். ஈய பேட்டரி என்றால் பாதிதான் எடுக்கலாம், அதாவது 600. இரண்டு ஃபேன், விளக்கு, போன் சார்ஜுக்கு ஓர் இரவு தாராளம், ஏசிக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. லித்தியம் வைத்திருப்பவர்கள் சார்ச்சு போன்ற இடத்தில் விடியற்காலையில் சார்ஜ் போடாதீர்கள், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ் அந்த செல் கெட்டுவிடும்.

சோறு தனிப் பாடம். லேயில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலும் சார்ச்சுவில் 86 டிகிரியிலுமே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசி வெளியே குழைந்து நடுவில் அரிசியாகவே நிற்கும். குக்கர் இல்லாமல் போகவே போகாதீர்கள். குக்கருக்குள்ளும் ஊரில் 120 டிகிரி வருவது அங்கே 113 அளவில்தான் நிற்கும். அரிசியை அரை மணி ஊறவைத்து, விசிலை ஒன்றரை மடங்கு கூட்டுங்கள். துவரம்பருப்பை இரவே ஊறப்போடலாம். கும்பகோணத்துக்காரர்களுக்கு ஒன்று: ஃபில்டரில் டிகாக்‌ஷன் தண்ணியாக இறங்கும், பொடியைக் கூட்டிப் போட வேண்டும். அடுப்பை வேனுக்குள் எரியவிட்டுக் குளிர்காய்வது மட்டும் கூடவே கூடாது. மூடிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். கனமான ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) போதும்.

டெல்டாவில் ஏற்றமென்றால் ஆற்றுப் பாலம்தான், நம் டிரைவர்களுக்கு இறக்கத்தில் கியரால் வண்டியைப் பிடிக்கும் பழக்கமே இருக்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து பெடல் தரைக்குப் போய்விடும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். நாக்பூர் வெயிலில் அளவு கூடிக் காட்டுகிறதென்று மதியம் இறக்கிவிட்டால், மறுநாள் காலை காற்று குறைந்த டயரில் ஓடுவீர்கள்.

தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் வந்து தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி என்று ஜம்மு, ஸ்ரீநகர் வரை ஒரே சாலை. டெல்லி வரையே 2,500 கி.மீ.க்கு மேல். தெலங்கானாவும் விதர்பாவும் மே மாதத்தில் கொதிக்கும், அங்கே விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் நிழலில் நிறுத்துவதுதான் எங்கள் ஏற்பாடு.

லேக்கு வடக்கே நூப்ரா பள்ளத்தாக்கில் உள்ள ஹுண்டர் மணல்மேட்டுக்கு 5,359 மீட்டர் கர்துங் லாவைத் தாண்ட வேண்டும். லே ஓய்வு முடிந்தபின் மட்டும் போங்கள், கணவாயில் கால் மணிக்கு மேல் நிற்காதீர்கள்.

இறங்கும்போது டீசல் லேயை அடுத்த காருவில் முழு டேங்க். அதற்கப்புறம் மணாலிப் பக்கம் உள்ள ‘தாண்டி’ என்ற ஊர் வரை சுமார் 330 கி.மீ.க்கு பங்க் இல்லை என்றே கணக்குப் போடுங்கள். மலையில் லிட்டருக்கு 7 கி.மீ. என்று வைத்தால் 47 லிட்டர், அதற்கு மேல் 10 லிட்டர் கையிருப்பு. சார்ச்சுவிலிருந்து விடிந்ததும் கிளம்ப வேண்டும். பனி உருகி ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும், காலையில் கணுக்கால் அளவு ஓடிய இடத்தில் சாயங்காலம் வேன் இறங்க முடியாது. போஸ்ட்பெய்டு சிம் ஒன்றாவது இருக்கட்டும், வெளிமாநில ப்ரீபெய்டு ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது.