ஜான் பபிள்ஸின் குதிகால் அடி: இடது கால் ஒருவழியாக வழிக்கு வந்தது

டாப் என்பது ஷூவின் அடியில் தகடு வைத்துத் தரையில் தட்டித் தாளம் எழுப்பும் நடனம். அதில் க்ராம்ப் ரோல் என்ற நான்கடிக் கோர்வை, மெதுவான தாளத்தில், இந்த வாரம் நான்கு அடியும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி விழுந்துவிட்டது. வலது முன்பாதம், இடது முன்பாதம், வலது குதிகால், இடது குதிகால். அந்தக் கடைசி அடிதான் இத்தனை நாளும் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. முதல் மூன்றும் கணீரென்று கேட்கும், நான்காவது மூன்றாவதோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது தனியாக நிற்கிறது. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

வேகமாக ஆடினால் இந்தக் குறை வெளியே தெரியாது. மெதுவாக ஆடும்போது ஒளிய இடமில்லை. அமெரிக்க டாப் ஆட்டக்காரர் ஜான் பபிள்ஸ் வேண்டுமென்றே போய் நின்ற இடம் அதுதான். 1902இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் பிறந்தவர். சிறுவயதிலேயே பக் வாஷிங்டனோடு ஜோடி சேர்ந்தார். பக் பியானோ, இவர் ஆட்டம். அப்போது டாப் என்றால் பில் ராபின்சன்தான். மர அடி வைத்த ஷூ, நிமிர்ந்த முதுகு, முன்பாதத்திலேயே மிதக்கிற ஆட்டம். பபிள்ஸ் குதிகாலைக் கீழே இறக்கினார். தாளத்தையும் பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தார். நடுவில் கிடைத்த இடைவெளியில் எதிர்பாராத இடங்களில் குதிகால் அடிகளைப் போட்டு நிரப்பினார். மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போது தொப்பியும் சேர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு கனம் ஆட்டத்துக்கு வந்தது. ரிதம் டாப் என்கிற இந்தப் பாணியின் தந்தை என்று அவரைச் சொல்வது கொஞ்சமும் மிகையில்லை.

சரி, இடது குதிகாலுக்கு வருகிறேன். கோளாறு இடது காலில் இல்லவே இல்லை. வலது குதிகால் இறங்கும்போதே உடம்பின் எடை பின்னால் சாய்ந்துவிடுகிறது. அந்த இழுப்பில் இடது குதிகாலும் கூடவே விழுந்துவிடுகிறது. முழங்காலைச் சற்று மடக்கி, அது கால்விரல்களுக்கு நேர் மேலே நிற்கும்படி வைத்துக்கொண்டால் எடை முன்பாதத்திலேயே இருக்கும். அப்புறம் குதிகாலை ஓங்கி அடிக்கத் தேவையில்லை, விழவிட்டால் போதும். அரை அங்குலம் தூக்கினாலே நல்ல சத்தம் வருகிறது. அதிகம் தூக்கினால் சத்தம் கூடுவதில்லை, நேரம்தான் போகிறது. கணுக்கால் இறுகினால் அடி மொட்டையாக விழும்.

ஷூவின் ஹீல் தகட்டின் ஸ்க்ரூவைக் கால்வாசிச் சுற்று தளர்த்தியதும் உதவியது. அடியில் கொஞ்சம் நாதம் சேர்ந்தது. அதற்கு மேல் தளர்த்தினால் கிலுகிலுப்பு வந்து தெளிவு போய்விடும். ஆன்லைனில் வாங்கிய புதுத் தகடுகளோடு வந்த ஸ்க்ரூ பற்றிப் பேசினாலே எரிச்சல் வருகிறது. ஹீலுக்குச் சரி, முன்பக்கம் அடித்தோல் மெல்லிசு, உள்ளே விரலைக் குத்துகிறது. முன்தகட்டுக்குக் குட்டை ஸ்க்ரூ தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஆடிப் பழகும் பிளைவுட் பலகையை நேராக சிமென்ட் தரையில் போடாமல் ரீப்பர் அடித்துத் தூக்கி வையுங்கள். குதிகாலின் கீழ்ச்சுரம் அப்போதுதான் கேட்கும், முழங்காலும் தப்பிக்கும்.

1943இல் வந்த ‘கேபின் இன் த ஸ்கை’ படத்தில் பபிள்ஸ் ஆடும் பகுதியை மறுபடி மறுபடி பார்க்கிறேன். தொப்பி, கைத்தடி, அலட்டிக்கொள்ளாத நடை. மேலுடம்பில் அவசரமே தெரியாது, கீழே அடிகள் விழுந்துகொண்டே இருக்கும். 1935இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியபோது ஸ்போர்ட்டிங் லைஃப் என்ற பாத்திரத்தின் வேடத்துக்கு இசையமைப்பாளர் கெர்ஷ்வின் இவரை எடுத்ததில் ஆச்சரியமே இல்லை.

இடது காலில் தொடங்கும் க்ராம்ப் ரோல் இன்னும் பாக்கி. தாளம் தள்ளிப் போடும் குதிகால் அடியும் கைவரவில்லை. அதற்குள் மனசு இன்னொரு டாப் ஆட்டக்காரரான ஜிம்மி ஸ்லைடின் சறுக்கல்களுக்குத் தாவிவிட்டது. அதற்கு இந்தப் பலகையின் அகலம் போதாது. அடுத்த மாதம் முழு ஷீட் பிளைவுட் ஒன்று வாங்கப்போகிறேன், மேலே வார்னிஷ் இல்லாமல்.